சுடலைமுத்துவின் பற்கள்

விண்வெளிச் சரக்குக் கப்பல் ‘பொருநை’
எழுதுபவள்: இசக்கியம்மாள், பொறியாளர்

மார்ச் 4, காலை 6:20
ஓட்டம் சீர். உறக்கப் பெட்டியில் குளிர் சரியாக இருக்கிறது. உள்ளே இருப்பவர் சுடலைமுத்து, என் கணவர். காற்றும் சோறும் மிச்சமாகட்டும் என்று மாற்றி மாற்றி உறங்குகிறோம். முறை மாறும்போது மட்டும் ஒரு வாரம் இருவரும் விழித்திருக்கலாம். எங்கள் குடித்தனமே அந்த ஒரு வாரம்தான். இந்த முறை இருபதாம் தேதி தொடங்குகிறது.

அவருக்குப் பல் துலக்கிவிட்டேன். உறக்கத்தில் எச்சில் ஊறாததால் பல்லில் பிசுபிசுவென்று படலம் கட்டுகிறது. விழித்திருக்கும்போதே ஒழுங்காகத் துலக்காத மனுஷன். எல்லாம் என் தலையெழுத்து.

மார்ச் 9, காலை 7:05
சூரியப் புயல் அடித்து ஓய்ந்தது. குளிரூட்டி பாதிதான் ஓடுகிறது. நாடித்துடிப்பைக் காட்டும் திரை கருகிவிட்டது; மாற்றுத் திரை இல்லை. இந்த உறக்கத்தில் இதயம் எப்போதாவதுதான் துடிக்கும், கை வைத்தால் தெரியாது.

பெட்டியில் சூடு ஏறியதும் படலம் வேகமாக வளர்கிறது. காலையில் துடைத்தால் மாலையில் மஞ்சளாக நிற்கிறது. கீழ்வரிசையின் உட்புறம் காரையாக இறுகிவிட்டது. ஈறு வீங்கிச் சிவந்திருக்கிறது. பிரஷ் பட்டாலே ரத்தம்.

மார்ச் 11, காலை 9:30
நிலவுத் தளத்து டாக்டர் ஜமீலாவிடமிருந்து செய்தி:

“இசக்கி, அது வெறும் அழுக்கு இல்லம்மா, உயிரோட இருக்கிற கிருமிக் கூட்டம். பல்லை அரிக்கும், ஈறைப் பல்லுலேர்ந்து பிரிச்சிரும். ரத்தம் நிக்கிற வரைக்கும் அவரை எழுப்பாதீங்க. எழுப்பினா கிருமி ரத்தத்தோட உடம்பு பூரா போயிரும். ஈறோரமா, மெதுவா, விடாம துலக்குங்க.”

துலக்குகிறேன். வேறென்ன வேலை எனக்கு.

மார்ச் 15, மாலை 4:10
கொக்கியால் காரையைச் சுரண்டினேன். முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. வாடை தாங்க முடியவில்லை. திட்டினேன், அப்புறம் அழுதேன். உறங்கப் போகும் முன் அவர் எனக்குப் பதிந்து வைத்ததைப் போட்டுக் கேட்டேன்:

“ஏட்டி, அந்த ஒரு வாரத்துக்கு ஒரு வேலையும் வச்சிராத. சும்மா ஒக்காந்து பேசிக்கிட்டே இருப்போம்.”

இந்த மனுஷன் இல்லாமல் என்னால் முடியாது. எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

மார்ச் 18, காலை 6:30
குளிரூட்டி இரண்டு முறை நின்றது, தட்டி ஓட வைத்தேன். ரத்தம் குறைந்திருக்கிறது.

மார்ச் 19, காலை 6:40
ரத்தம் இல்லை! மேல்வரிசை, கீழ்வரிசை, ஈறோரம், எங்குமே இல்லை. சிவப்பும் போய்விட்டது. குளிரில் வாயைத் திறக்கத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. இதையெல்லாம் எழுதி டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். நாளை எழுப்பிவிடலாம். தலை சீவிக்கொண்டேன். இரண்டு பேருக்குச் சோற்றுப் பொட்டலம் எடுத்து வைத்தேன்.

மார்ச் 19, காலை 11:15
டாக்டரின் செய்தி:

“இசக்கி, ஒரே நாள்ல ஈறு ஆறாதும்மா. நாள் பிடிக்கும். வாயைத் திறக்க ஏன் சிரமமா இருந்துச்சு? கை, கழுத்து எல்லாம் மடங்குதான்னு பாருங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்.”

மடங்கவில்லை.

மார்ச் 19, பகல் 12:50
எழுப்பும் ஊசியைப் போட்டேன். இன்னொன்றும் போட்டேன். ஒன்றுமில்லை. டாக்டர் கூப்பிடுகிறார், நான் எடுக்கவில்லை.

மார்ச் 20, காலை
இதைக் கண்டெடுத்துப் படிப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் தெரிகிறது எனக்கு. இன்று எங்கள் வாரம்.

கடினமான பிரஷ் எடுத்திருக்கிறேன். ரத்தம் நிற்கட்டும், நிற்கட்டும் என்று அத்தனை வேண்டினேனே, பாவி. ஒரு சொட்டு வந்தால் போதும், வேறெதுவும் கேட்க மாட்டேன். கீழ்வரிசையை அழுத்தித் தேய்த்துவிட்டேன். வரவில்லை.

மேல்வரிசை பாக்கி இருக்கிறது.