முனியம்மாவின் மனு

ஆரணி,
3.5.1982

அன்புள்ள அக்கா சகாயமேரிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தறியும் சுகம். நீ படித்த எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு என்ன அர்த்தம் என்று எதிர்வீட்டு அம்மணி கேட்டாள். "மாமியார் செய்யும் வம்பு" என்று சொல்லிவைத்தேன். நம்பிவிட்டாள்!

சமூகப்பணி படிக்க நீ மெட்ராஸ் போனபோது என்னை எட்டாவதோடு நிறுத்தினார்கள். தறியில் சேலைக் கரைக்கு நூல் நாடா தள்ள அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமே. ஆக, உனக்குப் பட்டம், எனக்குப் பட்டு. எட்டுக்கு மேல் எல்லாம் எனக்கு எட்டாத வகுப்பு.

"வேலை கெடச்சதும் உன்ன இட்டுகினு போயி ஸ்கூல்ல சேத்துடுவேன்டி" என்று பஸ் ஏறும்போது சொன்னாய். வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்குப் பதினைந்து. இந்த ஜூனை விட்டால் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்களாம். ஜல்தியாகப் பதில் போடு.

உன் வாலில்லாத தங்கை,
ஆரோக்கியசெல்வி


12.5.1982

செல்விக்கு,

உன் கார்டு ஆபீசுக்கே வந்துவிட்டது, நல்லவேளை பியூன் படிப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். இனிமேல் கார்டு போடாதே. வேலை செய்யும் பிள்ளைகளை மீட்டுப் பள்ளியில் சேர்ப்பதுதான் என் உத்தியோகம். என் வீட்டிலேயே ஒன்று தறியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் என் கதி என்ன, யோசித்தாயா? சொந்தத்தையும் கேஸையும் கலக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். எங்கள் இலாகா நடத்தும் பெண்கள் விடுதிக்கும் உன்னை நான் சிபாரிசு செய்ய முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம். அப்பாவுக்கு ஒத்தாசையாக இரு.

சகாயமேரி


கண்ணமங்கலம்,
19.5.1982

மதிப்பிற்குரிய அதிகாரி அம்மா அவர்களுக்கு,

முனியம்மா கோணல் எழுத்தில் எழுதிக்கொள்ளும் மனு. வயது பதினைந்து. எட்டாவது பாஸ். அப்பா, அம்மா இல்லை. அக்கா என்று ஒருத்தி இருந்தாள், போய்விட்டாள். ஒரு நெசவுக்கார வீட்டில் நாடா தள்ளுகிறேன். அம்மா பார்த்து விடுதியில் ஓர் இடம் கொடுத்தால் ஒன்பதாவது படிப்பேன். பதிலைப் பச்சையம்மாள் டீக்கடை, கண்ணமங்கலம் என்ற விலாசத்துக்குப் போடவும்.

இப்படிக்கு,
முனியம்மா


28.5.1982

அன்புள்ள முனியம்மா,

உன் மனுவைப் படித்துவிட்டு ஆபீஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன், கண்ணு. வளரும் பெண்ணைத் தறியில் உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் சுகமாக இருப்பவர்கள் மனிதர்கள்தானா? ஆதரவற்ற பெண்கள் விடுதியில் உனக்கு இடம் போட்டுவிட்டேன். ஜூன் பதினான்காம் தேதி நேரே என்னிடம் வந்துவிடு. துணிமணி, நோட்டுப் புத்தகம் எதுவும் கொண்டுவர வேண்டாம், நான் வாங்கி வைக்கிறேன். உடன்பிறப்பு இல்லாமல் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் நான். இனி நீதான் என் தங்கை. கூச்சப்படாமல் அக்கா என்றே கூப்பிடு.

உன் அக்கா,
சகாயமேரி


ஆரணி,
3.6.1982

அன்புள்ள அக்கா,

முனியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். என் இடது கை எழுதிப் பிறந்தவள், வலது கை எழுதிச் சாகிறாள். ஆமாம், நான்தான்.

உன்னை ஏமாற்றி, அசடு வழியவைத்துச் சிரிக்கலாம் என்றுதான் செய்தேன். உன் பதிலை டீக்கடையிலேயே பிரித்தேன். "இன்னாடி, சிரிச்சிகினே பிரிச்ச, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?" என்றாள் பச்சையம்மாள். என்னை நீ ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை, அக்கா. வீட்டில் என் கையில் கடிதத்தைப் பார்த்து, "பெரியவ இன்னா எழுதிகீறா?" என்று அம்மா கேட்டாள். "சௌக்கியமா கீறாளாம்" என்றேன். ஒற்றைப் பிள்ளை வரியை நான் படித்துக்காட்டவில்லை.

என்னைத் திட்டு, அடி. போட்ட இடம் மட்டும் போட்டபடியே இருக்கட்டும். முனியம்மா என்றே சேர்ந்துகொள்கிறேன். ஆபீசில் உன்னை "மேடம்" என்பேன். தங்கை என்று மூச்சு விடமாட்டேன். பதினான்காம் தேதி வரட்டுமா?

செல்வி


ந.க. எண் 412/82
நாள்: 9.6.1982

பெறுநர்:
செல்வி ச. ஆரோக்கியசெல்வி,
ஆரணி.

பொருள்: ஆதரவற்ற பெண்கள் விடுதி – சேர்க்கை இரத்து – தொடர்பாக.
பார்வை: தங்களது 3.6.1982 நாளிட்ட கடிதம்.

பார்வையில் காணும் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. முனியம்மா என்ற பெயரில் ஒதுக்கப்பட்ட இடம் இதன்மூலம் இரத்து செய்யப்படுகிறது. மனுதாரருக்குத் தாய் தந்தையருடன், அரசுப் பணியில் உள்ள உடன்பிறந்த அக்கா ஒருவரும் இருப்பது தெரியவருவதால், அவரை ஆதரவற்றவராகக் கருத இயலாது.

(ஒப்பம்)
ச. சகாயமேரி
நல அலுவலர்