வெல்ல டப்பாவில் வைத்த சாவி

உள்ளங்கையில் புதுச் சாவி இருக்கிறது. இப்போதுதான் சாவிக்காரர் அறுத்துக் கொடுத்தார்; இரும்புத்தூள் வாசம் இன்னும் போகவில்லை. தெருவில் சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள், வாசலில் நிற்கும் காரை நகர்த்தியே ஆகவேண்டுமாம். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது; அதற்கும் முன்பிருந்தே அது அசையவே இல்லை.

பழைய வண்டியாக வாங்கியபோதே ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களும் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பனியன் கம்பெனி செக்கிங்கில் ஊசிமுனை ஓட்டையைக்கூட விடாத மனிதருக்கு, சொந்த வேலை என்றால் மட்டும் எப்போதும் நாளைக்குத்தான்.

சர்க்கரை இறங்கித் தலைசுற்றி, அனுப்பர்பாளையம் ரோட்டில் வண்டியைக் கொண்டுபோய் புளியமரத்தில் இடித்தீர்களே, அன்றைக்கே டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். நீங்கள் கேட்கிற ஆளா? மறுநாள் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றீர்கள். அதற்குள் நான் சாவியை வெல்ல டப்பாவுக்குள் போட்டு மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். உங்களுக்கு ஆகாத பண்டம், அங்கே கை போகாது என்று கணக்குப் போட்டேன். சாவியைக் காணோமே என்றபோது, "எங்கீங்க வெச்சீங்க? நீங்கதான் தொலைச்சிருப்பீங்க" என்றேன்.

நாலு நாள் தேடினீர்கள். கட்டிலுக்கு அடியில், துவைக்கப் போட்ட துணியில், காய்கறிப் பையில்கூட. ஐந்தாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மிணி, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றீர்கள். உங்களிடம் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி ஓட்டப் போவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் உங்களைத் தனியாக விட்டுவிட்டு மங்கலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து நீங்கள் தேடவில்லை. வந்தவர்கள் கார் ஏன் நிற்கிறது என்று கேட்டால், "நாந்தான் சாவியை எங்கியோ தொலைச்சுட்டேனுங்க" என்று சிரித்தீர்கள். அலுத்துப்போய் விட்டுவிட்டீர்கள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு டப்பாவை இறக்கினேன். வெல்லம் பாதிதான் இருந்தது. சாவி இல்லை. நான் மங்கலம் போன அன்று, எனக்குத் தெரியாமல் வெல்லம் தின்னப் போய்க் கண்டுபிடித்திருக்கிறீர்கள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. நான் சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும், கேட்ட அத்தனை பேரிடமும் பழியை உங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டீர்கள். அதற்கப்புறம் ஒரு நாளும் வண்டியை எடுக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்று வந்த சாவிக்காரர் மெஷினைக் காரில் மாட்டிக்கொண்டே, பழைய சாவி எப்படிப் போனது என்று சும்மாதான் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு தொலைச்சுட்டாருங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் பழகிவிட்டது. பழைய சாவியின் கோடை மெஷினில் அழித்துவிட்டேன், இனி அது யார் கையில் கிடைத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, பயப்பட வேண்டாம் என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றேன். கூப்பிட்டு உண்மையைச் சொல்லாமல், உள்ளே வந்து காகிதத்தை எடுத்தேன்.

இனி வண்டியை ஸ்டார்ட் பண்ணாத அந்தப் பழைய சாவியை நீங்கள் எங்கே வைத்தீர்கள் என்று இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை இந்தக் காகிதத்தில் சொல்கிறேன். உங்களுக்குப் புத்தி கெடவில்லைங்க. நீங்கள் எதையும் தொலைக்கவில்லை.