பவியை யார் பார்ப்பது

அக்கா,

இன்று காலையும் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து கிடந்தது. டயகம மலைப் பக்கம் பனிக்காலத்தில் எந்த வீட்டில்தான் உறையாது. அடுப்போரம் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய் மெல்ல இளகி அந்த வாசனை எழும்பியதும் உங்கள் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மேல்கணக்கு லயத்திலிருந்து நடந்து வருவீர்கள். உங்கள் மகள் பவி முதுகில். எண்ணெய்ப் போத்தல் கம்பளிக்குள், அக்குளுக்கடியில். பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் உடம்புச் சூட்டிலேயே எண்ணெய் உருகியிருக்கும். "அடுப்பு எதுக்கு, நான் ஒருத்தி போதாதா" என்பீர்கள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, அக்கா. உங்களிடம்தான் இதை மறைக்காமல் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொன்னால் உடனே புத்தி சொல்ல வந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால், உன் பிள்ளை தெய்வக் குழந்தை என்கிறார்கள். தெய்வக் குழந்தைக்கு உடுப்பு மாற்ற ஒரு கை கொடுங்கள் என்றால் மட்டும் அவசர வேலை வந்துவிடும். நீங்கள் இருந்தபோது இதற்கெல்லாம் சிரித்துவிடுவோம். இப்போது தனியாகச் சிரிக்க வரவில்லை.

நாம் முதலில் சந்தித்தது டவுன் ஆஸ்பத்திரி விறாந்தையில். என் மகனுக்கு மூன்று வயதாகியும் நடக்கவில்லை, பேசவில்லை. யாரைக் கேட்பது, எங்கே போவது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வாங்கில் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். விறைத்த கால்களோடு பவி உங்கள் மடியில் வில்லாக வளைந்து கிடந்தாள். நீங்கள் என்னைப் பார்த்து ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை. "பைக்குள்ள பிஸ்கட் இருக்கு, எடுத்துத் தின்னு. இங்க நம்பர் கூப்பிடுறதுக்குள்ள பொழுது சாயும்" என்றீர்கள். அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். உங்கள் தோட்டத்தின் கீழ்க்கணக்கில்தான் நான் இருக்கிறேன் என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் அவரவர் காம்பராவுக்குள் பிள்ளையை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம்.

பிசியோதெரபி மிஸ் சிங்களத்தவர். அரைகுறைத் தமிழில் பொறுமையாகச் சொல்லித் தருவார். காலை, பகல், மாலை என்று பவியின் கால்களை நீட்டி மடக்க வேண்டும் என்றார். நீங்கள் தலையாட்டிவிட்டுக் கேட்டீர்கள்: "பகல்ல யாரு மிஸ் செய்றது? நான் மலையில கொழுந்து பறிச்சிக்கிட்டு இல்ல நிப்பேன்." மிஸ்ஸுக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் யார் இருப்பார்களோ அவர்களைக் கூட்டி வாருங்கள், சொல்லித் தருகிறேன் என்றார். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் பஸ் ஏற்றிக்கொண்டு வர முடியாது, நீங்கள் ஒரு தடவை தோட்டத்துக்கு வாருங்கள், எல்லாரையும் ஒரு இடத்தில் சேர்த்து வைக்கிறேன் என்று நீங்கள் மல்லுக்கு நின்றீர்கள். கொழுந்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். ஆயம்மாவிடம் கெஞ்சிச் சாவியை வாங்கியதும் நீங்கள்தான்.

நம் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆரம்பித்தது. மிஸ் முடிந்தபோதெல்லாம் வந்தார். பிறகு மாற்றலாகிப் போனார். அவர் போன பிறகும் இப்படிப் பிள்ளை உள்ள அம்மாக்கள் நாம் கூடினோம். தரையில் படங்கை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை கால் நீட்டிவிட்டு, மற்றவர்கள் ஊர்க்கதை பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருப்போம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயிற்சியைவிட அந்தப் பேச்சுதான் மருந்து. சமூக சேவை உத்தியோகத்தரிடம் சிங்களத்தில் எப்படிப் பேசுவது என்று நீங்கள் நடித்துக் காட்டுவீர்கள். அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பதும் நீங்கள், வாசலில் கும்பிட்டு நிற்பதும் நீங்கள்.

கொழுந்து விஷயத்தையும் நீங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள். கிளினிக்குக்குப் போய்ப் பிந்தி வருகிற அம்மாவின் கூடைக்கு, நிறுவைக்கு முன்னால் மலையில் நிற்கிற ஒவ்வொருத்தியும் ஒரு கை கொழுந்து போட வேண்டும். அப்போதுதான் அவளுக்கு அரைப் பேராவது, அரை நாள் சம்பளமாவது விழும். கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். பிள்ளை இல்லாதவர்கள், நல்ல பிள்ளை பெற்றவர்கள், நம்மோடு சண்டைக்காரிகள் எல்லாரும் போட்டார்கள். சண்டைக்காரி கொஞ்சம் முற்றல் இலையாகப் பார்த்துப் போட்டாள் என்று நீங்கள் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த நாற்காலிகளை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியிலிருந்து வந்த அமைப்புக்காரர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் அளவெடுத்து, இடுப்புக்குப் பட்டி, முன்னால் சாப்பாட்டுப் பலகை வைத்து மரத்தில் நாற்காலி செய்து தந்தார்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தால் சோறு புரையேறாது என்று விளக்கினார்கள். நாம் எல்லாரும் தலையாட்டினோம். மாதங்கள் போய் அவர்கள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் பழையபடி மடியிலேதான் கிடந்தார்கள். நாற்காலிகள் வந்த பொலித்தீன் உறையோடு சாமிப் படத்துக்குக் கீழே இருந்தன. புதுச்சாமான், அழுக்காகிவிடும் என்று யாருக்கும் உறையைப் பிரிக்க மனம் வரவில்லை. ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவசரமாகப் பிள்ளையைத் தூக்கி உறையின் மேலேயே உட்கார வைத்த வீடும் உண்டு.

நீங்கள் லயம் லயமாகப் போய் ஏசினீர்கள். நானும் உங்கள் பின்னாலேயே வந்தேன். என் வீட்டு உறையையும் நீங்கள்தான் கிழித்தீர்கள். கடைசியில் உங்கள் காம்பராவுக்கு வந்தால், பவியின் நாற்காலியும் உறையோடுதான் இருந்தது. அதற்கு மேல் உங்கள் தீபாவளிச் சேலை மடித்து வைத்திருந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். நீங்கள் முதலில் சிரித்தீர்கள். பிறகு முகம் மாறிவிட்டது. "இவ பொறந்ததிலிருந்து எல்லாமே யாரோ போட்டுக் கழிச்சதுதான். சட்டை, சுவெட்டர், எல்லாம். இவளுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சு வந்தது இது ஒண்ணுதான். ஒடச்சிட்டான்னா?" என்றீர்கள். அன்று அந்த உறையைப் பிரிக்கச் சொல்லி உங்களை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை வளர்ந்துவிடுவாளே என்று மட்டும் சொன்னேன்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வயிற்று வலியை எத்தனை மாதம் மறைத்தீர்கள். பவியின் கிளினிக் ஒன்றைக்கூடத் தவறவிடாத நீங்கள் உங்களுக்கென்று ஒரு நாள் வரிசையில் நிற்கவில்லை. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு கொழுந்துக்குப் போனீர்கள். கேட்டால், எனக்கென்ன, பவியைப் பார் என்பீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர்கள் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. இதை எழுதும்போதுகூட உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

கருமாதி முடிந்து வந்தவர்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினார்கள். பவியை யார் பார்ப்பது என்பதுதான் பேச்சு. கொட்டகலையில் இருக்கும் உங்கள் தங்கைக்குச் சின்னப் பிள்ளைகள், கடை வேலை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். கண்டிப் பக்கம் இப்படிப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு இல்லம் இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்குப் பிறகு இடம் வரும் என்றாள். உங்கள் வீட்டுக்காரரும் இருந்தார். கொழும்பில் காவல் வேலை பார்க்கும் மனிதர், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவர். பவியை வாசலில் நின்று பார்ப்பாரே தவிரத் தூக்கி நான் கண்டதில்லை. பொங்கல்வரை நான் இருக்கிறேன் என்றார். அவருடைய கொழும்புப் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் அந்தப் பையைத்தான் தேடும்.

அண்ணனுக்கு, உங்கள் வீட்டுக்காரருக்குத்தான், சோறு ஊட்டக் கற்றுக்கொடுக்கப் போனேன். குழையப் பிசைந்து, தலையைத் தாங்கி, கொஞ்சமாக வாயில் வைத்து, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். முதல் நாள் பவி அவ்வளவையும் அண்ணனின் சட்டையில் துப்பினாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாசலையே பார்த்தாள். நீங்கள் வேலை விட்டு வருகிற வழி அது. அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இவ என்னைய யாருன்னு நெனக்கிறா, தங்கச்சி?"

"சோறு குடுக்கிற ஆளுன்னு நெனச்சா போதும் அண்ணே, இப்போதைக்கு" என்றேன்.

பவி மெலிந்துகொண்டே போனாள். நான் வேலைக்கு முன்னும் பின்னும் ஓடினேன். என் மகனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேல்கணக்கு ஏறி இறங்கியதில் முழங்கால் விட்டுப்போனது. ஒரு நாள் போனபோது அண்ணன் இஸ்தோப்பில் நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உறையைக் கிழித்துப் பவியை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார், மெலிந்திருந்தும் இடுப்பு நுழையவில்லை, அளவெடுத்த பிறகு அவ்வளவு வளர்ந்துவிட்டாள். கைப்பிடிகளைக் கழற்றி, ஸ்டோரில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து அகலப்படுத்திக்கொண்டிருந்தார். செய்து முடித்தபோது பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் பவி அதில் நிமிர்ந்து இருந்தாள். அன்றைக்குத்தான் அவர் கையால் பாதிக் கிண்ணம் சாப்பிட்டாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வர ஆரம்பித்தார். ஆம்பிளை ஒருத்தர் வந்து நடுவில் உட்கார்ந்தால் நம் ஆட்கள் என்ன பேசுவார்கள்? முதல் தடவை எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவரும் கதவோரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பவியின் காலை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருத்தி தன் வீட்டு நாற்காலியையும் அகலமாக்கித் தரச் சொன்னாள். இன்னொருத்தி கொண்டு வந்தாள். இப்போது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு அவர் சிரித்ததை ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

பொங்கல் வந்து போனது. இல்லத்திலிருந்து இடம் இருக்கிறது என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வந்து கேட்டபோது, கொஞ்ச நாள் போகட்டும் என்றார் அண்ணன். எனக்கு அதில் நிம்மதி வரவில்லை. அனுப்ப மனமில்லாதவர்களும் அதைத்தான் சொல்வார்கள், அனுப்பத் துணிந்துவிட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். கொழும்பு வேலையை விட்ட மனிதர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? தோட்டத்தில் பேர் பதிந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போகிறார், பவியைப் பகலில் மாற்றி மாற்றி நாங்கள் யாராவது பார்க்கிறோம். எங்கள் எல்லாருக்குமே கை ஓய்ந்துவிட்டது. இல்லத்துக்கே போகட்டும், நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நினைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகு நான் பிள்ளைக்காம்பராக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் நின்றார். பவி அவர் தோளில் தூங்கிவிட்டாள், எச்சில் அவர் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சாமிகிட்ட இப்ப ஒண்ணுதான் கேக்குறேன், தங்கச்சி. எனக்கு முன்னாடி இவ போயிரணும். இவ போன மறுநாள் நான் போனாலும் பரவால்ல."

சாவி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. வெளியார் யாராவது கேட்டிருந்தால் இவனும் ஒரு தகப்பனா என்று காறித் துப்பியிருப்பார்கள். பெற்ற பிள்ளை சாகவேண்டும் என்று யார் வேண்டுவார்கள்? நம் அறையில் வந்து உட்காருகிற ஒவ்வொருத்தியும் வேண்டுவாள், அக்கா. ஒருத்தியும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். நீங்களும் நானும்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளையை இன்னொரு கையில் கொடுத்துவிட நினைக்கிறவருக்கு இப்படி ஒரு வேண்டுதல் தேவையே இல்லை. பவி எங்கேயும் போகமாட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சந்தோஷப்படக்கூட எனக்கு அந்த நேரம் தெம்பு இருக்கவில்லை. ரெண்டு கிழமையாக இருமுகிறீர்களே அண்ணே, நாளைக்கே டவுன் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள், பவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். உங்களிடம் அடித்துச் சொல்லியிருக்க வேண்டிய கட்டளையை அவரிடம் சொன்னேன். மறுப்பு பேசாமல் போய்க் காட்டிவிட்டு வந்தார். சளிதான், பயப்பட ஒன்றுமில்லையாம்.

எண்ணெய் உருகிவிட்டது. மகன் எழுந்து கூப்பிடுகிறான். "ம்மா" என்று இப்போது தெளிவாகச் சொல்கிறான், அதை நீங்கள் கேட்கவில்லை. அவன் காலில் எண்ணெய் தேய்க்கிற ஒவ்வொரு காலையும் அந்த வேண்டுதல்தான் என் மனதிலும் ஓடுகிறது, அக்கா. அவன் பிறந்த வருடத்திலிருந்து அதைச் சுமக்கிறேன். இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன்.