கோடு இல்லாத பெட்டி

மஸ்கட், மார்ச் 2005

அன்புள்ள அப்பாவுக்கு, ஐரின் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

கம்பெனியில் எந்த ஆள், எந்தக் கம்ப்யூட்டர், எதை நம்பி ஓடுகிறது என்று படம் வரையும் சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. சோதிக்க நம் நாகல் நகர் வீட்டையே வரைந்தேன். ஆளுக்கொரு பெட்டி. தண்ணீர் மோட்டாருக்கு உங்களிடமிருந்து கோடு, சமையலுக்கு அம்மாவிடமிருந்து, கடைக்குத் தம்பி பிரிட்டோவிடமிருந்து. என் பெட்டியிலிருந்து எதற்குக் கோடு போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது சாஃப்ட்வேர் மட்டும் என் பெட்டியைச் சிவப்பாக்கி, எதோடும் சேரவில்லை, நீக்கலாமா என்று கேட்டது. அதையே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மேனேஜருக்குத் திருப்தி.

இட்லிப் பொடி அனுப்புங்கள். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. போனில், "ரேஷன் கார்டு புதுசா எழுதுறாக, ஒம்பேர எடுத்துறவா தாயி?" என்று கேட்டீர்களே. எடுக்க வேண்டாம் அப்பா.

ஐரின்