ஓட்டியவர் யார் என்ற கேள்வி

அன்பு மகனுக்கு,

நீ கேட்டவற்றை வழக்கறிஞரிடம் விசாரித்தேன். இந்த நாட்டுச் சட்டப்படி, நீ போலீசாரின் மதுச் சோதனைக் கருவியில் ஊதிக்காட்ட மறுத்ததும் தனிக் குற்றமே. ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டால், வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம்.

“நீங்க ஓட்டினதா சொன்னா அவன் வேலை தப்பிக்கும். சட்டத்தையே கட்டிக்கிட்டு அழுங்க” என்றாள் உன் அம்மா.

அன்று இரவு புறப்படும்போது, குடித்தாயா என்று கேட்டேன். “இல்லப்பா” என்றாய். மேலும் கேட்பது முறையல்ல என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகுதான் வண்டியை மதிலில் மோதினாய்.

ஓட்டியது நீயென்று இன்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அனுமதி கிடைக்கும்வரை நானே உன்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். நாளைக் காலை நீ தங்கியிருக்கும் அறையின் வாசலில் வண்டியோடு நிற்பேன். நீ பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளலாம். என்னோடு பேச வேண்டியதில்லை.

அப்பா