டெல்ஃப்ட் லைன் வீட்டின் பின்னறை

பூண்டி மாதா துணை

அம்மாபேட்டை
மார்ச் 24

அன்புத் தங்கை ஃபிளோராவுக்கு அண்ணன் அருள்பிரகாஷ் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அது உனக்குத் தெரிந்ததுதான். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறோம், அதாவது அம்மா சொல்றாங்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியில் ஆமென் சொல்கிறேன். தினம் வீடியோவில் மூஞ்சியைப் பார்த்துப் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நானும் அதையேதான் கேட்டேன். உங்கப்பா இருந்திருந்தா மவ வீடு வாங்கினதுக்கு நாலு பக்கம் எழுதியிருப்பாரு, அவ ஹாஸ்டல்ல இருந்தப்ப மாசம் தவறாம போட்டாரே, இப்ப அந்த இடத்துல நீதானே இருக்க, எழுதுடா என்று அம்மா மூன்று நாளாக விடவில்லை. அப்பாவைப் போல எனக்கு எழுத வராது. வந்த வரைக்கும் படித்துக்கொள்.

முதலில் முக்கியமான விஷயம். ஜெயித்துவிட்டோம் பாப்பா. நீ சாவியைக் கையில் தூக்கிப் பிடித்து அனுப்பிய போட்டோவை அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்தே எல்லாருக்கும் காட்டினாங்க, சாமியார் கையில் போனைக் கொடுத்து அதை மந்திரிக்கச் சொன்னாங்க, அவரும் சிரித்துக்கொண்டே மந்திரித்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே அம்மாதான் ஏழு வீடு ஒரே கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, ஏன்டா இது லைன் வீடுல்ல, மில்லுக்காரன் கட்டிவிட்டமாதிரி இருக்கு, கடல் தாண்டிப் போயி லைன் வீடா வாங்குவா, ரெண்டு பக்கச் சுவரும் அடுத்தவன்துன்னா ஆணி அடிக்க யாரைக் கேக்குறது என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினாங்க. நெதர்லாந்தில் டாக்டரும் வாத்தியாரும் அப்படித்தான் குடியிருக்கிறார்கள் என்று நான் சொல்லி நம்பவில்லை, மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் நம்பினாங்க. இப்போது கேட்டால், டெல்ஃப்டுல தோட்டத்தோட வரிசை வீடு, பின்னால இழுத்துக் கட்டினது என்று விளம்பரக்காரன் மாதிரி சொல்றாங்க.

பின்னால் இழுத்துக் கட்டினதுதானே விஷயமே. உங்கள் வாடகை வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த ஊர்ப் படிக்கட்டு ஏணிக்கு அக்கா முறை. பிரசவத்துக்கு அம்மா வரவேண்டும், அம்மாவால் பத்துப் படி ஏற முடியாது. நீங்கள் பார்த்த ஒன்பது வீட்டில் எட்டு வீட்டுக்குப் படுக்கையறை மேலே. இந்த ஒன்றில்தான் பழைய சொந்தக்காரர் தோட்டத்துப் பக்கம் மூன்றரை மீட்டர் நீட்டி, கீழேயே ஒரு அறையும் குளியலறையும் கட்டியிருந்தார். இது கிடைக்காவிட்டால் அம்மா வரமாட்டாங்க, பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்ப்பாங்க என்று நீ அழுதபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தும் வேண்டாம் என்றேன். உனக்குக் கோபம். அண்ணனுக்குப் பொறாமை என்றுகூட நினைத்திருப்பாய். காரணம் பதினோராவது போட்டோ.

விளம்பரத்தில் முப்பது போட்டோ போட்டிருந்தான், எல்லாரும் சமையலறையையும் பூச்செடியையும் பார்த்திருப்பார்கள். பதினோராவதில் அந்தப் பின்னறைச் சுவரோரமாக இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்வான அலமாரி இருந்தது. அதன் தோட்டத்துப் பக்கக் கால் இரண்டுக்கும் அடியில் மரத்துண்டு. மதகு கட்டுகிறவன் கண், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு சென்டிமீட்டர் இருக்கும். காரணமில்லாமல் எவனும் அலமாரிக்கு முட்டுக் கொடுக்கமாட்டான். பழைய வீடு ஆழமான தூண்மேல் நிற்கிறது, நீட்டின பகுதி வெறும் களிமண்மேல் உட்கார்ந்து இறங்குகிறது, அம்மா படுக்கப்போகிற இடமே அதுதான், இரண்டு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் மூன்றரை மீட்டருக்குப் பதினைந்திலிருந்து இருபது மில்லி இறங்கியிருக்கும் என்று அன்றைக்கே உனக்கு மெயில் போட்டேன். நீ, போட்டோவைப் பார்த்து ஜாதகம் சொல்லாதே அண்ணா என்று பதில் போட்டாய். அதனால்தான் வீடு பார்க்கப் போகிறபோது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போ, தரையில் ஊற்று, ஓடுகிற பக்கம் இறக்கம் என்றேன். நம் ஊரில் வீடு வாங்குகிறவன் எவனும் செய்கிறதுதான், குளியலறை வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சொம்பு ஊற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பானா.

தப்பு எங்கே நடந்தது என்றால், அது டைல்ஸ் என்று நான் நினைத்துவிட்டேன். மர டிசைன் டைல்ஸ்தானே இப்போது தஞ்சாவூரில் பாதி வீட்டில் போடுகிறார்கள். அது நிஜமாகவே மரப்பலகை என்று எனக்கு எப்படித் தெரியும். வீடியோவில் நான் ஊத்து, இன்னும் ஊத்து, பூரா ஊத்து என்று கத்த, நீ ஒரு லிட்டரையும் கவிழ்த்துவிட்டாய். வீடு காட்ட வந்த புரோக்கர் அம்மா டச்சில் என்னமோ கத்தினார், அதை மட்டும் மொழிபெயர்க்கமாட்டேன் என்று இன்றுவரை சொல்கிறாய். மாப்பிள்ளை புதுக் கோட்டைக் கழற்றி மண்டிபோட்டுத் துடைத்தார். வீடு பார்க்க வந்த இன்னும் இரண்டு ஜோடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அண்ணா, இது உன் வாய்க்கால் மதகு இல்ல, மனுஷங்க குடியிருக்கிற வீடு, என் மானத்தை வாங்கிட்டே என்று சொல்லிப் போனை வைத்தவள் பதினெட்டு நாள் எடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினாய், நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் போன் அணைவதற்கு முன்னால் நான் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தண்ணீர் நேராகத் தோட்டத்துக் கதவுக்கு ஓடிப்போய் அங்கே தேங்கி நின்றது.

நீ பார்த்தாயோ இல்லையோ, அந்த இரண்டு ஜோடியும் பார்த்தார்கள். அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு விற்கிறவருக்கு வேறு வழியில்லை, அஸ்திவாரம் பார்க்கிற ஆளைக் கூட்டிவந்தார். ரிப்போர்ட் வந்த அன்று நீயாகவே கூப்பிட்டாய், ஹலோகூடச் சொல்லாமல், பதினெட்டு மில்லி என்றாய். நான் மதகு வேலையில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நேரம், அங்கேயே விசில் அடித்தேன், வேலையாள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்கள் பயந்து விலகினார்கள். நான் அப்போது என்ன சொன்னேன், இப்போது வாங்கு என்றேன். குழப்பாதே அண்ணா, அன்னிக்கி வேண்டாம்னே இன்னிக்கி வாங்குங்கிறே என்று திட்டினாய். தெரியாத இறக்கம்தான் ஆபத்து. இது இருபத்திரண்டு வருஷத்தில் பதினெட்டு மில்லி, இறங்கவேண்டியது பெரும்பாலும் இறங்கி முடித்துவிட்டது, சுவரில் பயப்படுகிற மாதிரி விரிசல் ஒன்றும் இல்லை. பழைய வீட்டையும் நீட்டின பகுதியையும் இழுத்து ஒட்டவைக்காமல் இணைப்பில் பிரித்துவிட்டு, நடுவில் மெத்தென்று அடைத்தால் போதும் என்று நான் எழுதினதையே அந்த ஊர் ஆளும் வரிக்கு வரி எழுதியிருந்தான். போட்டிக்கு ஆள் இல்லை, விலையும் இறங்கியது, வீடு உன் பெயரிலும் மாப்பிள்ளை பெயரிலும் பதிவாகிவிட்டது. அந்தப் புரோக்கர் அம்மா சாவி கொடுக்கும்போது, உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, அடுத்த வீட்டுக்கு ஒரு டம்ளர் போதும்னு என்றாராம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

போட்டோவைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறார் போல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பாதி தெரியும். டிப்ளமோ முடித்த வருஷம் அம்மாவுக்குச் சமையலறை நீட்டிக் கட்டினேனே, அது என் முதல் வேலை. எஞ்சினியர் மவன் இருக்கப்ப வெளியாள் எதுக்கு என்று அப்பா என்னிடமே விட்டார். பழைய வீட்டுக்கு ஐந்தடி அஸ்திவாரம், நான் போட்டது இரண்டரை. வாய்க்கால் ஓரத்துக் களிமண், மே மாதம் வாய்க்கால் காய்ந்தால் இணைப்பில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளக்கும், ஐப்பசி மழைக்கு மூடும். நான் நாலு தடவை சிமெண்டு வைத்துப் பூசினேன், நாலு தடவையும் பிளந்தது. அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏப்ரல் பிறந்தால் சொல்லாமலேயே அரை மூட்டை சிமெண்டு வாங்கிவந்து மூலையில் வைத்துவிடுவார், அவ்வளவுதான். அம்மா மண்ணெண்ணெய் அடுப்பை நிமிர்த்த, பிறகு கேஸ் அடுப்பை நிமிர்த்த, தோட்டத்துப் பக்கம் மரத்துண்டு முட்டுக் கொடுத்தே சமைத்தாங்க. பத்து வருஷம் தினமும் நான் அந்த மரத்துண்டைப் பார்த்துச் சாப்பிட்டவன். உன் வீட்டு அலமாரியைப் பார்த்ததும் எனக்குப் பிடிபடாமல் இருக்குமா.

போன சனிக்கிழமை முருகையன் கொத்தனாரைக் கூப்பிட்டேன். தம்பி, நெதர்லாந்து வீட்டுக்கு இங்கேருந்தே வைத்தியம் பாத்தீங்களாம், நம்ம ஆத்தா அடுப்படிக்கு எப்ப டாக்டர் வருவாருன்னு நானும் காத்துக்கிட்டிருந்தேன் என்று கேட்டான். மெஷினை வைத்து இணைப்பை மேலிருந்து கீழ்வரைக்கும் நேராக அறுத்து, நடுவில் மெத்தென்று அடைத்தோம். இனிமேல் அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது. விரிசலில் செருகி வைத்திருந்த கரண்ட் பில் கட்டையும் கேஸ் புத்தகத்தையும் அம்மா கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாங்க. முடிந்ததும், எல்லாம் சரிதான், இனிமே இதையெல்லாம் எங்கடா வைக்கிறது என்று ஒரு கேள்வி.

இப்போது நான் சொல்கிறதைக் கவனி. அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, ஏப்ரல் இருபதாம் தேதி திருச்சியிலிருந்து கிளம்புறாங்க, விமானத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லியாயிற்று, அதெல்லாம் வேண்டாம் என்று அம்மா சண்டை போடுவாங்க, நீ அசையாதே. சத்துமாவு, பெருங்காய டப்பா, பூண்டி மாதா படம் மூன்றும் பெட்டியில் முதலில் ஏறிவிட்டன. படத்தை மாட்ட ஆணி அடிக்கும்போது புது அறையும் பழைய வீடும் சேர்கிற இடத்தில் அடிக்காதே, ஒரு முழம் தள்ளி அடி. இணைப்பை அறுக்கிற வேலையைக் குழந்தை பிறப்பதற்கு முன்னால் முடித்துவிடு, தூசி ஆகாது. கனமான எதையும் நீ தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும்.

கடைசியாக ஒன்று. காலி அறையை நேற்று வீடியோ எடுத்து அனுப்பினாயே, அலமாரியை எடுத்துப் போனவர்கள் அந்த இரண்டு மரத்துண்டையும் தரையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டிப் பெருக்கும்போது குப்பையில் போட்டுவிடாதே. அம்மா கட்டிலும் இரண்டு மீட்டர் நீளம்தான், தோட்டத்துப் பக்கக் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

உங்கள் மூவருக்கும் மாதாவின் ஆசீர் என்றும் இருக்கட்டும், அம்மா கைப்பட ஒரு சிலுவைக் குறி கீழே போட்டிருக்காங்க.

அப்பா கையெழுத்துப் போடுகிற இடத்தில்,
உன் அண்ணன்
சி. அருள்பிரகாஷ்