இந்த வருடம் லாபத்தின் முறை

ஒலிவாங்கியின் உறையில் இன்னும் உன் தைல வாடை இருக்கிறது. ஆலய மண்டபத்தில் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். தரைக்குப் பளிங்கு, கூரை நிறைய மின்விசிறிகள், மேடைக்குப் பின்னால் கண்ணைக் குத்தும் ஒளிப்பலகை. அந்தக் கறுப்புப் பஞ்சுறையை மட்டும் யாரும் மாற்றவில்லை. போன சனிக்கிழமை மாலை பட்டிமன்ற நடுவர் நாற்காலியில் அமர்ந்து அதை வாயருகே இழுத்தபோது, வாடை மூக்கில் ஏறி, என்ன சொல்ல வந்தேன் என்பதையே ஒரு கணம் மறந்தேன். துக்கம் என்று எண்ணிப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. அது பயம். நடுவராக ஒவ்வொரு முறை மேடையேறும் முன்பும் நீ நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்துக்கொண்டது தலைவலிக்காக என்றுதான் நான் இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

நீ கண்மூடிய ஆண்டு பட்டிமன்றம் நடக்கவில்லை. இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு ஆலயத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “டீச்சர், நீங்கதான் நடுவரா ஒக்காரணும். பொருளாதாரத் தலைப்பு. வேற யாருக்குலா தெரியும்?” என்றார். அண்டை நாடுகளோடு நாம் சேர்ந்திருக்கும் வர்த்தகக் கூட்டை விட்டு நம் நாடு விலகினால் நமக்கு லாபமா, நட்டமா? இதுதான் தலைப்பு. தொலைக்காட்சியில் யாரோ ஒருவர் மேசையைத் தட்டி ‘விலகுவோம்’ என்று முழங்கியதிலிருந்து நம் ஊர் பெடாஸ் கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. சுங்க வரி என்றால் என்னவென்று கேட்டால் விழிப்பவர்கள்கூட அதைப் பற்றி உறுதியான கருத்து வைத்திருந்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன். தலைவர் வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

“போன தடவ ரெண்டாவது அணி ஜெயிச்சிச்சு, டீச்சர். இந்த வருஷம் மொத அணிக்கு முறை. மொத அணி லாபம். மறந்துடாதீங்க.”

அந்த முறையை வைத்தவள் நீதான். நாம் பிறந்த தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரங்கள் நின்ற காலம் அது. பெண்கள் பால்வெட்டுக்குப் போவது நல்லதா, தொழிற்சாலைக்குப் போவது நல்லதா என்று ஒரு பட்டிமன்றம். மேட்டு லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், ஆற்றோர லயத்துக்காரர்கள் மறு பக்கம். தொழிற்சாலையே என்று நீ மனமறிந்து தீர்ப்புச் சொன்னாய். தோற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அன்னதானப் பந்தியில் பாதி வரிசை காலியாகக் கிடந்தது; அண்டாவில் சாம்பார் ஆறிப் போயிற்று. அடுத்த ஆண்டு முதல் தீர்ப்பு முறை மாறி மாறி வந்தது. அது உனக்கும் தலைவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

“இது ஏமாத்து” என்றேன் நான்.

“ஏமாத்து இல்லடி, பந்தி. ஒரு வருஷம் இந்த வரிசைக்கு மொதல்ல எல போடுறோம். அடுத்த வருஷம் அந்த வரிசைக்கு.”

“ஜனங்க நீ சொல்றத நம்புறாங்கடி.”

“பட்டிமன்றம் கேட்டுட்டு எவன்டி பேங்குக்கு ஓடுறான்? சிரிப்பான், சாப்புடுவான், போய்ப் படுப்பான். நீ ஒன் பாடத்த நடத்து.”

நான் என் பாடத்தை நடத்தினேன். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒரே விடுதி அறையில் தங்கி, ஒரே பேராசிரியரிடம் பொருளாதாரம் படித்த இருவரில், நீ தமிழ்ப்பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனாய். நான் சிரம்பானில் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் ஆறாம் படிவத்து மாணவர்களுக்கு வரைபடம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். திருவிழாதோறும் ஏதாவதோர் அணியில் பேசினேன். என் வாதம் எப்போதும் சரியாகவே இருந்தது. முறை வந்த ஆண்டுகளில் மட்டும் வென்றது. அதைப் பற்றி உன்னிடம் நான் பேசிய கடுஞ்சொற்களில் எதையும் இப்போது திரும்பப் பெறுவதாக இல்லை.

பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேற முடிவெடுத்த ஆண்டு உனக்கு நினைவிருக்கும். நம் தோட்டத்தை ஆண்ட துரைமார்களின் நாடு என்பதால் இங்கே எல்லாருக்கும் அதில் ஓர் அற்பச் சந்தோஷம். அந்த ஆண்டுத் தலைப்பும் அதுதான்: அவர்களுக்கு லாபமா, நட்டமா? “நம்மள விட்டுட்டுப் போன தொர, இப்ப பக்கத்து வூட்ட விட்டும் போறான்!” என்று முதல் அணிக்காரர் ஆரம்பித்ததும் மண்டபம் அதிர்ந்தது. நான் நட்டம் என்ற அணியில் இருந்தேன். எல்லையில் நிற்கப்போகும் லாரிகளைப் பற்றி, கெட்டுப்போகப்போகும் மீனைப் பற்றி, ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டியதைப் பற்றிப் பேசினேன். சிலர் கொட்டாவி விட்டார்கள். நீ எழுந்து, “கூட்டுக் குடும்பத்துல இருந்து தனி அடுப்பு வைக்கிறவளுக்கு மொத மாசம் சட்டி பானை வாங்கவே சரியாப் போயிரும். அப்புறம் அவ உப்பு, அவ காரம். லாபந்தான்!” என்று தீர்த்துவிட்டாய். அந்த ஆண்டும் முதல் அணியின் முறை. கைதட்டல் ஓயவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை. பெடாஸில் உணவுக்கடை வைத்திருக்கும் காசிம் பாய், விழாவுக்குத் தேநீர் அனுப்பியவர், கும்பலை விலக்கிக்கொண்டு உன்னிடம் வந்தார். அவருடைய மகன் இங்கிலாந்தில் சின்னதாக ஓர் உணவகம் தொடங்கியிருந்தான். நடத்துவதா, மூடிவிட்டு ஊர் திரும்புவதா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

“அப்ப என் மவன அங்கேயே இருக்கச் சொல்லிறலாம், என்ன டீச்சரம்மா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

நீ சிரித்தாய். “பாய், அவன் பரோட்டா நல்லா இருந்தா வெள்ளக்காரன் எந்தச் சந்தையில இருந்தாலும் வருவான்” என்றாய். அவரும் சிரித்துக்கொண்டே போனார். வீடு திரும்பும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டிருந்த நீ ஒரு கையால் மறுபடியும் நெற்றியில் தைலம் தேய்த்தாய். களைப்பு என்று நினைத்தேன். அதன் பின் அவர் கடைக்கு நாம் எப்போது போனாலும், உட்காருவதற்கு முன்பே, “பாய், மகன் எப்படி இருக்கான்? கடை ஓடுதா?” என்று கேட்பாய். அவர் “ஓடுது, ஓடுது” என்ற பிறகுதான் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் உனக்குத் தொண்டையில் இறங்கும். உபசாரத்துக்குக் கேட்கிறாய் என்று எண்ணி, “தினமும் இதே கேள்வியா?” என்று உன்னைக் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

பட்டிமன்றத்துக்கு ஒரு வாரம் முன்பு உன் மகள் ரத்னா என்னைப் பார்க்க வந்தாள். சுங்கை காடுட்டில் அவள் மேற்பார்வை பார்க்கும் தொழிற்சாலையைப் பற்றி உனக்குத் தெரியும். கார்களுக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கிற இடம். செம்பு ஓர் அண்டை நாட்டிலிருந்து வருகிறது, பிளாஸ்டிக் முனைகள் இன்னொன்றிலிருந்து. கட்டி முடித்தது மூன்றாவது நாட்டுக்குப் போய்க் காரில் ஏறுகிறது. எல்லைகளில் வரி இல்லாததால்தான் அந்தத் தொழிற்சாலையே அங்கே நிற்கிறது.

“தானா வேலைய விடுறவுங்களுக்கு இழப்பீடு தர்றாங்களாம், சின்னம்மா. திங்கக்கெழமைக்குள்ள சொல்லணும். கையெழுத்து போட்டா மாசக் கடைசியோட வீட்டுக்குப் போயிரணும். போடலன்னா இருக்கலாம். ஆனா நாடு கூட்ட விட்டு வெளிய வந்திச்சின்னா பேக்டரி பக்கத்து நாட்டுக்குப் போயிரும், அப்ப ஒன்னும் கெடைக்காதுன்னு பேசிக்கிறாங்க.”

“யார் பேசிக்கிறாங்க?”

“கேண்டீன்ல.”

கேண்டீனில் தீர்க்கப்படாத பொருளாதாரச் சிக்கல் உலகில் இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கணவனின் சிறுநீரகச் சிகிச்சை அந்தத் தொழிற்சாலை கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. வேலையை விட்டால் அட்டை போகும். ஐம்பதை நெருங்குகிறவளுக்கு வேறு யாரும் அட்டையோடு வேலை தரமாட்டார்கள். விடாமல் இருந்து தொழிற்சாலை போய்விட்டாலோ, அட்டையும் இல்லை, இழப்பீடும் இல்லை.

“அம்மா இருந்திருந்தா அவங்க தீர்ப்பக் கேட்டிருப்பேன். இப்ப நீங்க மேடையில என்ன சொல்றீங்களோ, அதான்.”

“மேடை எதுக்கு? இப்பவே கேளேன்.”

“வீட்ல கேட்டா நீங்க ரெண்டு பக்கமும் பேசுவீங்க, சின்னம்மா. மேடையில ஒன்னுதான் சொல்லணும்.”

பெற்ற மகளிடம்கூட நீ முறையைப் பற்றிச் சொல்லவில்லை. அவளை அனுப்பிவிட்டு உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. அந்த வாரம் முழுவதும் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். விலகினால் நட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விலகுவோமா என்பது வேறு கேள்வி. விலகினால் அந்த ஒரு தொழிற்சாலை போகுமா என்பது அதனினும் வேறு கேள்வி. நட்டம் என்று சொன்னால் ரத்னா பயந்து கையெழுத்துப் போடுவாள். முறைப்படி லாபம் என்றால் நிம்மதியாக இருந்துவிடுவாள். நான் நாட்டைப் பற்றிச் சொல்வதை அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னதாகவே கேட்கப் போகிறாள். அந்த வாரத்தில்தான் காசிம் பாயிடம் நீ கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. அணியில் பேசுபவளாக மட்டும் இருந்ததில் எனக்கு ஒரு வசதி இருந்திருக்கிறது: என் பேச்சைக் கேட்டு எவரும் எதையும் செய்ததில்லை.

சனிக்கிழமை, முதல் அணிக்காக ஒரு லாரி ஓட்டுநர் பேசினார். “வெங்காயம் அங்கேருந்து, மொளகா இங்கேருந்து, அரிசி எங்கேருந்தோ! கூட்ட விட்டா எல்லாத்தையும் நாமளே போட்டுக்கலாம்லா!” என்றார். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், “மொதல்ல ஒன் வூட்டு முன்னால கங்கோங் கீரையப் போடுண்ணே!” என்று கத்தினாள். இரண்டாம் அணியில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண். “கார்ல இருக்கிற ஒரு கம்பி எத்தன எல்லையத் தாண்டி வருது தெரியுமா? ஒவ்வொரு எல்லையிலயும் வரி கட்டுனா, அந்தக் காரை வாங்க ஒங்க மாமியார் நகையும் பத்தாது!” என்றாள். மண்டபமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ரத்னா கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். தலைவர் முதல் அணிக்கான பொன்னாடையைக் கையில் எடுத்துத் தயாராக நின்றார்.

“விலகினால் நட்டம்” என்றேன். பொன்னாடை அந்தரத்தில் நின்றது. “ஆனால் விலகுவோமா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்கிறவர்களுக்கும் தெரியாது. இங்கே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு யாரும் எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம், போடாமல் இருக்கவும் வேண்டாம்.”

என்ன நடந்தது தெரியுமா? சிரித்தார்கள். நீ பழக்கிவைத்த கூட்டம். நாற்காலியிலிருந்து வருவதெல்லாம் அவர்களுக்கு நகைச்சுவை. முதல் அணிக்காரர்கள்கூடக் கைதட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். தலைவர் மட்டும் என்னிடம் இன்றுவரை பேசவில்லை. அதை நான் ஓர் ஓய்வாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கை கழுவும் இடத்தில் ரத்னா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கடைசியில சொன்னது எனக்குத்தானே?”

“ஆமா.”

“அம்மாவா இருந்தா ஒரு பக்கம் சொல்லியிருப்பாங்க.”

அப்போது சொல்லிவிட்டேன். பந்தி, முறை, ஆறிப்போன சாம்பார், எல்லாவற்றையும். உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். கோபம் இருந்தால் நேரில் பேசிக்கொள்வோம். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மெதுவாக மூடினாள்.

“அப்ப ஒங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.”

“தெரியாது.”

“சரி” என்றாள். கையைத் துடைத்தபடி, “திங்கக்கெழம என்கூட வர்றீங்களா? உள்ள வர வேணாம். வெளிய கார்ல இருந்தாப் போதும்” என்றாள்.

போனேன். சுங்கை காடுட்டில், தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே, எரிக்கும் வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். கம்பிச் சுருள் ஏற்றிய லாரி ஒன்று உள்ளே போனது. நல்லது என்று நினைத்தேன். இன்னொன்று காலியாக வெளியே வந்தது, அச்சம் பிடித்தது. காலி லாரி சரக்கை இறக்கிவிட்டுத்தான் வருகிறது என்பது பிறகுதான் உறைத்தது. பட்டம் வாங்கிய பொருளாதாரம், முப்பது ஆண்டுகள் கற்பித்த பொருளாதாரம், ஒரு வாயிலைப் பார்த்துச் சகுனம் கணிக்கும் நிலைக்கு வந்திருந்தது. இப்போதும் நாள்தோறும் செய்தி கேட்கிறேன். வர்த்தகம் என்ற சொல் வந்தாலே ஒலியைக் கூட்டுகிறேன். நம்பிக் கேட்கிற ஒருத்தியின் முகம் கண்ணுக்குள் வந்துவிட்ட பிறகு எந்த வரைபடமும் நேராக நிற்பதில்லை. நீ இத்தனை ஆண்டுகள் இதை ஒரு சிரிப்புக்குப் பின்னால் வைத்துச் சமாளித்திருக்கிறாய். எனக்கு அந்தச் சிரிப்பு வராது. சுமை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

ரத்னா வெளியே வந்தாள். கார்க் கதவைத் திறந்து, உட்கார்ந்து, சாவியைப் போடாமல் சாலையைப் பார்த்தாள்.

“கையெழுத்து போடல, சின்னம்மா.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு சொல்லையும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று பயந்து, காலையில் பசியாறினாளா என்று கேட்டேன்.